வைக்கோல் கன்று

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். என் பழைய நாவல் ஒன்றைப் படித்துவிட்டு எழுதிய கடிதம். கதை பிடித்திருக்கிறது, நடை பிடித்திருக்கிறது என்றெல்லாம் மரியாதைக்குச் சொல்லிவிட்டு, மூன்றாவது பாராவில் விஷயத்துக்கு வந்துவிட்டார். "உங்கள் நாவலில் வரும் தாய் தன் குழந்தையை ஒரு தடவையாவது மடியில் எடுத்து வைத்துக்கொள்வதாக நீங்கள் எழுதவில்லை. சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துத் தருகிறாள். ஆனால் தொடுவதே இல்லை. நானும் இரண்டு பெற்றவள். இப்படியும் ஒரு தாய் உலகத்தில் இருப்பாளா? பெற்ற மனம் பித்து என்று நீங்கள் கேள்விப்பட்டதில்லையா?"

கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பழமொழியைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். பதில் எழுத உட்கார்ந்து நாலு தடவை கிழித்துப் போட்டேன். 'எல்லாம் கற்பனைதான் அம்மா' என்று ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அது பொய். அந்தத் தாய் கற்பனை இல்லை. அவளைப் பற்றி நான் எழுதியதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி விட்டுப் போயிற்று. விட்டுப்போன பாதியைச் சொல்ல வேண்டுமானால் ஒரு பசுமாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் காவேரிப்பாக்கம். பெயரைக் கேட்டவுடன் தஞ்சாவூர்ப் பக்கமா என்று விசாரிப்பவர்கள் உண்டு. காவேரிக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது; எங்களுக்குப் பாலாறுதான். வாலாஜாபேட்டைக்குக் கிழக்கே, சென்னையிலிருந்து பெங்களூர் போகிற பெரிய ரஸ்தாவில் இருக்கிறது. அப்போது வட ஆற்காடு ஜில்லா. 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். ஊரின் பெருமையெல்லாம் ஏரிதான். பல்லவராஜா மூன்றாம் நந்திவர்மன் காலத்து ஏரி என்று சொல்வார்கள். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து நிரம்பிவிட்டால் கரையில் நின்று பார்க்கிற பையனுக்கு அது சமுத்திரம்.

ஏரிக்குக் கீழே எல்லாம் நெல் வயல். ஆனால் மேற்கே போகப் போகக் காற்றில் வாசனை மாறும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், அதற்கும் அப்பால் ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடுகிற ஊர்களாக வரும். சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சேர்ந்த அந்த நெடியை ஒரு தடவை முகர்ந்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் செத்த மாட்டின் தோலும் உப்புத் தடவி மடித்து அந்தத் திக்குக்குத்தான் போகும். தோலை ஏற்றிக்கொண்டு வண்டி போகும்போது, இழுக்கிற மாடுகளுக்குத் தாங்கள் எதை இழுக்கிறோம் என்பது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் வரும். யாரிடம் கேட்பது?

1958-இல் எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பசு இருந்தது. அந்த வருஷம் அது போட்ட கன்று ஐந்தாம் நாள் செத்துப் போயிற்று. செவலை அடுத்த வேளைக்கே மடியை இறுக்கிக்கொண்டது. மடியில் பால் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. கறக்க உட்கார்ந்தால் உதை. பிண்ணாக்கு வைத்தார்கள், தட்டிக் கொடுத்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

எங்கள் வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் செத்த கன்றைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போனார். தோலை உரித்து, உப்புத் தடவி, வெயிலில் காயப் போட்டு, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்தார். நாலு குச்சிகளைக் காலாக வைத்துக் கட்டி, கொண்டுவந்து செவலையின் முன்னால் நிறுத்தினார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் இருந்த இடத்தில் வெறும் தையல். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

செவலை மூச்சை இழுத்து முகர்ந்தது. காதை முன்னுக்கு விட்டது. அப்புறம் நக்க ஆரம்பித்தது. முதுகு, கழுத்து, வயிறு என்று ஒவ்வொரு இடமாக, அவசரம் இல்லாமல் நக்கிற்று. கிழவர் சத்தம் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து காம்பைத் தொட்டார். சொம்பில் 'சொர்' என்று பால் விழுந்தது.

"மாட்டை ஏமாத்தறீங்க" என்று நான் அழுதுவிட்டேன்.

"ஏமாத்தறது இல்ல கண்ணு" என்றார் கிழவர், கறப்பதை நிறுத்தாமல். "அது செத்த கன்னுன்னு மாட்டுக்குத் தெரியாதா? நக்கறதுக்கு அதுக்கு ஒண்ணு வோணும். நக்கினாத்தான் பாலு எறங்கும்."

அம்மா கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பும்போது யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்: "அதுக்காவது நக்கிக்குடுக்கத் தெரிஞ்சிருக்கு."

அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு விளங்க ஐம்பது வருஷம் பிடித்தது.

அம்மாவைப் பெற்ற மறுநாள் அவளுடைய தாயார் இறந்துபோனாள். 'பொறந்ததும் தாயை முழுங்கிடுச்சு' என்று ஊர் பேசிற்று. உறவினர் வீட்டில் வளர்ந்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேளாவேளைக்குப் பாலாடையில் பால் புகட்டினார்கள். அழுதால் தூளியை ஆட்டினார்கள். ஆனால் துரதிருஷ்டம் பிடித்த குழந்தையை இடுப்பில் வைத்துக் கொஞ்ச யாருக்கும் மனம் வரவில்லை. இதெல்லாம் எனக்கு அத்தை சொல்லித் தெரியும். அம்மா தன் பால்யத்தைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

நான் தலைச்சன் பிள்ளை. அம்மாவுக்குப் பாலுக்குக் குறைவில்லை என்று அத்தை சொல்வாள். பால் கொடுப்பாளாம், குடித்து முடித்ததும் பாயில் கிடத்திவிட்டு எழுந்து போய்விடுவாளாம். கொஞ்சல் இல்லை, முத்தம் இல்லை. விதவையாகி எங்கள் வீட்டோடு வந்திருந்த அத்தையின் மடிதான் எனக்குத் தெரிந்த மடி. ஊர்ப் பெண்கள் அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நானும் அதையே நம்பினேன். அதை நம்பித்தான் நாவல் எழுதினேன்.

என் நம்பிக்கையை அசைத்தவர் ஒரு கால்நடை டாக்டர். ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிநேகிதர் அவர். ஒரு நாள் பேச்சுவாக்கில் வைக்கோல் கன்றைப் பற்றிச் சொன்னேன்.

"உங்க கிழவர் சொன்னது முழுக்க சயன்ஸ்" என்றார் அவர்.

விஷயம் இதுதான். மாடு பாலை மனசால் அடக்குவதில்லை. கன்றின் வாசனை, அதை நக்குகிற நாக்கு, காம்பில் படுகிற வாய் இவையெல்லாம் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. மூளைக்கு அடியில் தொங்குகிற பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது மடிக்குப் போய், பால் தங்கியிருக்கிற நுண்ணிய பைகளைச் சுற்றியுள்ள தசைகளைப் பிழிகிறது. பால் இறங்குகிறது. ஒரு நிமிஷத்தில் நடந்துவிடுகிற காரியம். சில நிமிஷங்களில் வேகம் அடங்கியும் விடும். மாடு மிரண்டாலோ, வலித்தாலோ சேதி தடைப்பட்டுப் போகும். திட்டிக் கறக்க முடியாதது அதனால்தான்.

பிட்யூட்டரிச் சாற்றுக்குக் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற சக்தி உண்டு என்று 1906-இலேயே ஹென்றி டேல் என்ற ஆங்கிலேயர் கண்டார். 'விரைந்த பிரசவம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்துதான் ஆக்ஸிடோசின் என்ற பெயர் வந்தது. 1953-இல் அமெரிக்காவில் வின்சென்ட் டு விக்னோ அதைச் சோதனைச் சாலையில் செய்தே காட்டினார். 1955-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம்மவர்கள் அதை ஊசியில் ஏற்றி, கன்றே இல்லாமல் பால் கறக்கக் கற்றுக்கொண்டார்கள். பாலுக்காக மாட்டுக்குக் கெடுதலான ஊசி போடுவதை 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. வைக்கோல் கன்றாவது மாட்டுக்கு நக்குவதற்கு எதையோ மிச்சம் வைத்தது.

சிநேகிதர் இதோடு நிறுத்தியிருந்தால் நானும் இதைப் பால் சமாசாரமாகவே நினைத்திருப்பேன். அவர் மேலே போனார். அந்த ஹார்மோன் மடியை மட்டும் திறப்பதில்லை. மூளைக்குள்ளும் வேலை செய்து மனசைத் திறக்கிறது என்றார். ஆடு ஒன்று குட்டி போட்டதும் ஐந்து நிமிஷம் அதை முகர்ந்து நக்கினால் போதும். பிறகு சில மணி நேரம் பிரித்து வைத்திருந்தாலும் தன் குட்டி என்று சேர்த்துக்கொள்ளும். அந்த ஐந்து நிமிஷம் கிடைக்காமல் பிறந்தவுடனே குட்டியை எடுத்துவிட்டால், திருப்பிக் கொடுக்கும்போது பெரும்பாலும் முட்டித் தள்ளிவிடும். அமெரிக்காவில் பீட்டர் கிளாப்ஃபர் என்பவர் 1964-இல் எழுதிய உண்மை இது. பிரசவ வழி விரிகிற கணத்தில் மூளையில் சுரக்கிற ஆக்ஸிடோசின்தான் அந்தக் கதவைத் திறக்கிறது என்பதைச் செம்மறியாடுகளிடம் பிறகு கண்டார்கள். உலகத்து இடையர்கள் இதைப் படிக்காமலே அறிந்தவர்கள். செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவார்கள். குட்டியை இழந்த ஆடு அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பால் கொடுக்கும். எங்கள் கிழவரின் கைவேலைதான். என்ன, அங்கே வைக்கோலுக்குப் பதில் ஓர் உயிர்.

அப்படியானால் ஹார்மோன் சுரந்தால் தாய், சுரக்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? எனக்கு அங்கேதான் இடித்தது. அம்மாவுக்குப் பால் சுரந்ததே! அப்போதுதான் அவர் எலிகளைப் பற்றிச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டெர்க்கல், ரோசன்பிளாட் என்ற இருவர், அப்போதுதான் ஈன்ற எலியின் ரத்தத்தைக் குட்டியே போடாத பெண் எலிக்கு ஏற்றினார்கள். அரை நாளைக்குச் சற்று மேலே ஆவதற்குள் அது அந்நியக் குட்டிகளைப் பொறுக்கிவந்து கூட்டில் சேர்த்து நக்க ஆரம்பித்துவிட்டது. 1972-இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. ரத்தத்தில் ஓடுகிறது தாய்மை என்று நாம் சொல்வது ஓரளவுக்கு வாஸ்தவம்தான். ஆனால் ரோசன்பிளாட் அதற்கு முன்பே, 1967-இல், இன்னொன்றும் கண்டிருந்தார். ரத்தம் ஏற்றாமலே, குட்டி போடாத எலியின் பக்கத்தில் தினமும் குட்டிகளை விட்டு வைத்தால், முதலில் விலகி விலகிப் போகும். ஒரு வாரம் போல ஆனால் அதுவும் தாயாகிவிடும். ஆண் எலிகூட!

கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் மைக்கேல் மீனி என்பவரும் அவருடைய சகாக்களும் வேறு கேள்வி கேட்டார்கள். எலித் தாய்களில் சிலது குட்டிகளை விடாமல் நக்கும். சிலது பால் கொடுப்பதோடு சரி. நிறைய நக்கப்பட்ட பெண் குட்டிகள் வளர்ந்து தாயானபோது நிறைய நக்கின. குறைவாக நக்கப்பட்டவை குறைவாக நக்கின. பரம்பரைக் குணம் என்று விட்டுவிடலாமே என்றால், பிறந்த உடனே குட்டிகளை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். நக்காத தாய்க்குப் பிறந்து, நக்குகிற தாயிடம் வளர்ந்த குட்டி, பின்னால் நக்குகிற தாயாயிற்று! 1999-இல் இதை எழுதினார்கள். பெற்றவளிடமிருந்து அல்ல, வளர்த்தவளின் நாக்கிலிருந்து அந்தக் குணம் வந்தது. நக்கப்பட்ட குட்டியின் மூளையில் ஆக்ஸிடோசினை ஏற்றுக்கொள்கிற இடங்கள் அதிகம் இருப்பதையும் கண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஏரி ஞாபகம் வந்தது. ஏரி நிரம்பினால் மட்டும் போதுமா? மதகு வேண்டும், வயல்வரைக்கும் வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். பிரசவ காலத்தில் ஹார்மோன் வெள்ளமாக வருகிறது. அது பாய்வதற்கான வாய்க்காலையோ, அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோதே வேறொரு கை வெட்டி வைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு ஏரி நிறைந்துதான் இருந்தது. வாய்க்கால் வெட்ட ஆள் இல்லாமல் போயிற்று.

விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ செய்த சோதனையைப் படிக்க மனம் தாங்கவில்லை. நம் வட இந்தியாவில் திரிகிற அதே ரீசஸ் ஜாதிக் குரங்குகள். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியில் செய்த பொம்மைத் தாய் ஒன்றும், துணி சுற்றிய பொம்மைத் தாய் ஒன்றும் வைத்தார். பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தாலும் குட்டிகள் துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. 1958-இல் அவர் இதை வெளியிட்டார். எங்கள் வீட்டில் செவலை வைக்கோல் கன்றை நக்கிய அதே வருஷம். இங்கே ஒரு தாய்க்குப் பொய்க் கன்று, அங்கே ஒரு கன்றுக்குப் பொய்த் தாய்! தாயில்லாமல் வளர்ந்த அந்தப் பெண் குரங்குகள் பின்னால் ஈன்றபோது, பல குட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சில கடித்துக் குதறின. ஆனால் அவற்றில் பல, இரண்டாவது குட்டியிடம் நல்ல தாயாகவே நடந்துகொண்டன.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் என் நாவலில் நான் எழுதாமல் விட்டது அதைத்தான்.

எனக்கு ஒரு தங்கை உண்டு. 1960-இல் பிறந்தாள். வைக்கோல் கன்று வந்த நாளிலிருந்து செவலையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதை அம்மா தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சி நாரை வைத்துத் தேய்ப்பாள். செவலை கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடும். தேய்த்து முடித்ததும் அம்மாவின் முழங்கையை நக்கும். சொரசொரவென்ற அந்த நாக்கை அம்மா விலக்கியதே இல்லை. தங்கை பிறந்ததும் அத்தை ஒரு தந்திரம் செய்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற நேரத்தில் தினமும் ஏதாவது சாக்குச் சொல்வாள். "எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு. இந்தா, நீயே கால் மேல போட்டுத் தேய்." முதல் சில நாள் அம்மாவின் கை நடுங்கிற்று. அப்புறம் தேய்த்தாள். அப்புறம் தேய்த்து முடித்த பிறகும் குழந்தையைக் கீழே விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

டொரன்டோவில் அலிசன் ஃபிளெமிங் என்ற அம்மையாரின் கூட்டத்தார், தாயில்லாமல் வளர்த்த எலிக்குட்டிகளை ஈரத் தூரிகையால் தினமும் பல தடவை வருடிப் பார்த்தார்கள். அந்த வருடலும் வீண்போகவில்லை. வருடப்பட்டவை, அப்படி வருடப்படாதவற்றைவிட நல்ல தாய்களாயின என்று 2001-இல் எழுதினார்கள். ஒரு தூரிகை அந்த மட்டுக்கு வேலை செய்யுமானால், ஒரு பசுவின் நாக்கும் ஒரு நாத்தனாரின் தந்திரமும் ஏன் செய்யாது? எலி எலிதான், மனுஷி மனுஷிதான்; எனக்குத் தெரியாமல் இல்லை. மனுஷிக்கு யோசனை உண்டு, வெட்கம் உண்டு, வைராக்கியம் உண்டு. எலியை வைத்து அம்மாவுக்குக் கணக்குப் போட நான் யார்? ஆனால் கல்நெஞ்சு என்ற வார்த்தையை நான் கைவிட இந்த எலிகள் போதுமாக இருந்தன. விஞ்ஞானம் தாய்மார்களை அடிக்க இன்னொரு குச்சியாக ஆகிவிடக் கூடாது. தாயைக் குறை சொல்லுமுன் அவள் குழந்தையாக இருந்தபோது அவளைத் தொட்டது யார் என்று கேளுங்கள் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது.

நான் என்ன செய்தேன்? தங்கையை அம்மா மடியில் வைத்திருப்பதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பத்து வயதுப் பையனுக்குப் பொறாமை தாங்கவில்லை. அந்தப் பொறாமையை முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்து நாவலாக்கினேன். தங்கையை எழுதினால் என் குற்றப்பத்திரிகை நிற்காது. ஆகவே அவளைப் பிறக்கவே விடவில்லை. வாசகி கண்டுபிடித்த குறை இதுதான். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தங்கைக்கு இன்று பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவள் மடி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அம்மா அந்த நாவலைப் படித்தாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு, ஐந்தாறு நாளில் படித்து முடித்தாள். நான் என்ன சொல்வாளோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபம் இல்லை, கண்ணீர் இல்லை.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேடா" என்றாள். "செவலையை ஏன் விட்டுட்டே?"